பழைய ஃப்ளாஷ் பாடங்கள்: ரஃபிளில் ஓட்டுவதா, புதிதாக எழுதுவதா, வீடியோவாக்கி முடிப்பதா?

2000களில் காசு கொடுத்துச் செய்து வாங்கிய ஃப்ளாஷ் பாடங்கள் (ஃப்ளாஷ் என்பது பிரௌசரில் அசைபடம் ஓட்டிய, இன்று செத்துப்போன அடோபி மென்பொருள்) ஒரு ஃபோல்டர் நிறையக் கிடக்கின்றன, தளத்தில் அவை இருந்த இடத்தில் வெறும் பெட்டிதான் தெரிகிறது, என்ன செய்யலாம்? 2021-லேயே முடிந்திருக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் பள்ளிகள், சின்னப் பதிப்பகங்கள், பயிற்சி மையங்கள் என்று இன்னும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதையும் பெரும்பாலும் "மொத்தத்தையும் எச்டிஎம்எல்5-க்கு மாற்ற எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். எச்டிஎம்எல்5 என்றால் வெளி நிரல் எதுவும் இல்லாமல் பிரௌசரே ஓட்டும் வடிவம். மொத்தத்தையும் மாற்றாதீர்கள் என்பது என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிரௌசருக்குத் தெரியாத வேலையை வெளியிலிருந்து ஒரு நிரல் வந்து செய்து தரும் ஏற்பாடுதான் பிளகின். நெட்ஸ்கேப் 1990களின் நடுவில் திறந்துவிட்ட வாசல் அது. ஃப்ளாஷும் ஜாவா ஆப்லெட்டும் அதன் வழியாக உள்ளே வந்தன, 2007-இல் சில்வர்லைட்டும் சேர்ந்துகொண்டது. சிக்கல் என்னவென்றால் பிளகின் பிரௌசரின் சொல்பேச்சு கேட்காது. அதில் ஓட்டை விழுந்தால் கணினிக்குள்ளேயே கை வைக்க வழி கிடைத்துவிடும், ஓட்டையோ விழுந்துகொண்டே இருந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் ஃப்ளாஷ் ஏன் இல்லை என்று விளக்கி ஒரு திறந்த கடிதம் எழுதினார். அதில் வியாபாரக் கணக்கும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் நவம்பரில் மொபைல் ஃப்ளாஷை அடோபியே கைவிட்டது. 2015-இல் குரோம் அந்தப் பழைய பிளகின் வாசலை அடைத்தது, 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் ஃப்ளாஷை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளியே தள்ளியது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபியின் ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே படத்தை ஓட்ட மறுத்தது. மூன்றரை வருடம் முன்னதாகவே, 2017 ஜூலையில், தேதி குறித்துச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் திடீரென்று கைவிடப்படவில்லை.

சரி, இப்போது உங்கள் ஃபோல்டருக்கு வருவோம்.

எதை மாற்றுவது என்று யோசிக்கும் முன் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ளாஷ் பாடம் எஸ்டபிள்யூஎஃப் என்ற கோப்பாக இருக்கும்; அப்படி ஒன்றை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் மூன்று பைட்டுகளே ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எஃப்டபிள்யூஎஸ் என்றிருந்தால் சுருக்கப்படாத கோப்பு, சிடபிள்யூஎஸ் என்றால் உள்ளே சுருக்கியிருக்கிறார்கள், இசட்டபிள்யூஎஸ் என்றால் பிற்காலத்துச் சுருக்கம். நான்காவது பைட்டுதான் நமக்கு வேண்டியது, அது பதிப்பு எண். அந்த எண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் உள்ளே இருப்பது ஃப்ளாஷின் நிரல்மொழியான பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 9 அல்லது அதற்கு மேல் என்றால் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 ஆக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், உள்ளே இன்னொரு குறியைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஓட்டும் இயந்திரங்களே வேறு வேறு. ஹெக்ஸ் எடிட்டர் எல்லாம் நமக்கு வேண்டாம் என்றால் குத்துமதிப்பாக ஒரு வழி: ஃப்ளாஷ் செய்யும் மென்பொருளின் சிஎஸ்3 பதிப்பு வந்த 2007-க்கு முன் செய்ததெல்லாம் அநேகமாகப் பழைய வகை.

அப்புறம் எஃப்எல்ஏ என்ற மூலக் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்டபிள்யூஎஃப் என்பது சமைத்து முடித்த சோறு, எஃப்எல்ஏதான் அரிசி. செய்து கொடுத்தவர் எஃப்எல்ஏவைக் கொடுத்திருக்க மாட்டார், கேட்கவும் யாருக்கும் தோன்றியிருக்காது. பெரும்பாலான இடங்களில் இதுதான் நிலைமை, அதனால் இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரஃபிள்

ரஃபிள் என்பது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட, திறந்த மூல ஃப்ளாஷ் பிளேயர். பிரௌசர் நேரடியாக ஓட்டும் நிரல் வடிவமான வெப்அசெம்ப்ளியாக மாற்றப்பட்டு உங்கள் பக்கத்துக்குள்ளேயே ஓடும், பார்ப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். ஒரு ஸ்கிரிப்ட் வரியைப் பக்கத்தில் சேர்த்தால் போதும், ஃப்ளாஷைப் பக்கத்தில் பொருத்திய பழைய எம்பெட், ஆப்ஜெக்ட் டேகுகளை அதுவே தேடிப் பிடித்துத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் ஃப்ளாஷ் சேகரிப்பைத் திறந்ததும் இதை நம்பித்தான்.

இதே வேலையை முன்னாலும் முயன்றிருக்கிறார்கள். கூகுளின் ஸ்விஃபி, மொசில்லாவின் ஷம்வே இரண்டும் 2016-லேயே மூடப்பட்டுவிட்டன. அப்போது இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: 2017-க்குள் நான்கு பெரிய பிரௌசர்களிலும் வெப்அசெம்ப்ளி வந்துவிட்டது, 2019 டிசம்பரில் அது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையாகவும் ஆகிவிட்டது. திறந்த தரநிலை என்று ஒன்று தேறிய பிறகுதான், செத்துப்போன பிளகினை அதன் மேலேயே ஓட்ட முடிந்தது. எனக்கு இதில் ஒரு சின்னக் குரூர சந்தோஷம் உண்டு.

பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பாடங்கள் ரஃபிளில் பெரும்பாலும் அப்படியே ஓடும். பட்டனை அழுத்தினால் அடுத்த காட்சி, இழுத்துப் பொருத்து, சரி தவறு என்று சத்தம் வருவது மாதிரியானவற்றுக்கு இது தாராளம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்றால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்; ரஃபிள் தொடர்ந்து வளர்ந்துவருகிறது, போன வருடம் ஓடாதது இந்த வருடம் ஓடக்கூடும்.

முரண்டு பிடிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் ரஃபிளின் வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) கோப்பைச் சரியான மைம் வகையில், அதாவது என்ன கோப்பு என்று பிரௌசருக்குச் சொல்லும் குறியோடு, அனுப்ப வேண்டும். மலிவு ஹோஸ்டிங்கில் இது சில நேரம் அமைந்திருக்காது, ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். வேறொரு தளத்திலிருந்து தரவை இழுக்கும் பாடம் என்றால், ஃப்ளாஷ் காலத்தில் கிராஸ்டொமைன் கோப்பு ஒன்றை வைத்துச் சமாளித்தது இப்போது செல்லாது, பிரௌசரின் சொந்த விதிகள்தான். அப்புறம் முக்கியமான ஒன்று: இணையம் இல்லாத கணினி அறையில் எச்டிஎம்எல் கோப்பை இருமுறை கிளிக் செய்து திறந்தால் ரஃபிள் ஓடாது. அந்தக் கணினியிலேயே ஒரு சின்ன சர்வர் வேண்டும், அல்லது ரஃபிளின் டெஸ்க்டாப் பதிப்பைப் போட வேண்டும். இதைத் தெரியாமல் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய், ஆசிரியர் முன்னால் வெறும் எரர் செய்தியைக் காட்டிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

செல்பேசியில் என்ன ஆகும் என்றால், படம் ஓடும், ஆனால் பாடம் ஓடும் என்று சொல்ல முடியாது. மவுஸை மேலே கொண்டுபோனால் பெயர் தெரிவது, அம்புக்குறி விசையால் நகர்த்துவது, இவையெல்லாம் விரலுக்குப் புரியாது. அது ரஃபிளின் குறை அல்ல, அந்தப் பாடம் மவுஸுக்காகப் பிறந்தது. பொத்தான்கள் நெல்மணி அளவுக்குத் தெரிவதையும் ரஃபிளால் பெரிதாக்கித் தர முடியாது.

வீடியோ

பலருக்கு இது அவமானமான தீர்வாகத் தோன்றுகிறது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நம்மிடம் இருக்கும் ஃப்ளாஷ் பாடங்களில் பெரும் பங்கு, உண்மையைச் சொன்னால், அடுத்து என்ற பொத்தான் வைத்த சினிமா. இதயம் சுருங்கி விரிவது, சந்திர கிரகணம், அ ஆ இ ஈ பாட்டு. அந்தப் பொத்தானை அழுத்துவதில் குழந்தை எதையும் தீர்மானிப்பதில்லை. அப்படிப்பட்டவற்றை ஒரு தடவை திரையில் ஓட்டிப் பதிவு செய்து எம்பி4 ஆக்கிவிட்டால் டிவி, செல்பேசி, ஸ்மார்ட்போர்டு எல்லாவற்றிலும் ஓடும், பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. யூடியூபே 2015 ஜனவரியில் ஃப்ளாஷை விட்டுவிட்டு எச்டிஎம்எல்5 வீடியோவைத் தன் இயல்புநிலையாக்கியது.

ஆனால் குழந்தை ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கும் பாடம் என்றால் வீடியோ ஆக்காதீர்கள். மின்தடையைக் கூட்டினால் பல்பு மங்குகிறது என்பதைத் தானே இழுத்துப் பார்ப்பதும், யாரோ இழுப்பதை உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

பிளகினையே உயிரோடு வைத்திருப்பது

பழைய விண்டோஸ், பழைய பிரௌசர், அப்டேட் நிறுத்தம் என்று ஒரு கணினியை மூலையில் வைத்திருக்கும் வழி. தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறை 2021 ஜனவரியில் இதன் உச்சத்துக்கே போனது. மாற்றி முடிக்காத வரிப் படிவங்கள் சில இன்னும் ஃப்ளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே தனியாக ஒரு பிரௌசரை வெளியிட்டது. அதே மாதம் சீனாவின் தாலியானில் ஒரு ரயில்வே பிரிவு, அலுவலகக் கணினிகளில் ஃப்ளாஷ் திரைகள் வராமல் போனதும் பழைய பதிப்பைத் தேடி எடுத்துப் போட்டுச் சமாளித்தது. ஒரு அரசுத் துறைக்கு வேறு வழியில்லாமல் சில மாதம் இப்படி ஓட்ட வேண்டியிருக்கலாம். பள்ளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எங்கிருந்தோ இறக்கிய, யார் கை வைத்தார்கள் என்று தெரியாத ஃப்ளாஷ் பிளேயரை, இணையத்தோடு இணைந்த, மாணவர் விவரங்கள் இருக்கும் கணினியில் போடுவது சுத்த அபத்தம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் காலத்தில் சிடியில் வந்த பாடங்கள் பலவும் பிளேயரையும் உள்ளே வைத்து இஎக்ஸ்இ கோப்பாகத்தான் வந்தன. அவற்றுக்குப் பிரௌசரே தேவையில்லை, இன்றைய விண்டோஸிலும் பெரும்பாலும் திறந்துகொள்ளும். இணையம் இல்லாத கணினியில் அப்படியே ஓடட்டும், யாரும் தொட வேண்டாம்.

புதிதாக எழுதுவது

இதுதான் செலவு அதிகம், இதைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில், இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டம் பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் சிமுலேஷன்கள் பலவும் தமிழிலும் கிடைக்கின்றன. ஆரம்பத்தில் எல்லாம் ஜாவா, ஃப்ளாஷ். அவர்கள் தானியங்கி மாற்றியில் போட்டுத் திருப்பி எடுக்கவில்லை. ஒவ்வொரு சிமுலேஷனையும் மறுபடி வடிவமைத்து, ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதினார்கள், வருடக்கணக்கில். விரலால் இழுக்க வசதி, விசைப்பலகையாலேயே இயக்க வசதி, பார்வையற்ற மாணவருக்கு ஒலி வழியும் விளக்கம் வழியும் கேட்கும் வசதி என்று பிளகின் காலத்தில் இல்லாதவை சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும், இருமுறை கிளிக் செய்தாலே ஓடும். மேலே ரஃபிளுக்குச் சொன்ன பென்டிரைவ் பிரச்சினை இங்கே இல்லை.

அவர்களும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முறை வராத ஜாவா சிமுலேஷன்களைச் சீர்ப்ஜே என்ற கருவி மூலம் பிரௌசரிலேயே ஓட வைத்தார்கள். ஜாவா ஆப்லெட் வைத்திருப்பவர்களுக்கும் இன்று உருப்படியான வழி இதுதான். ஜாவாவின் பிரௌசர் பிளகின் 2018-இல் வந்த ஜாவா 11-உடன் போய்விட்டது. அவ்வளவு பெரிய திட்டமே, அதிகம் பயன்படுவதைப் புதிதாக எழுது, மிச்சத்தை எமுலேட்டரில் (பழைய இயந்திரம் போல நடித்து ஓட்டும் கருவியில்) ஓட்டு என்று இருந்தபோது, நாற்பது எஸ்டபிள்யூஎஃப் வைத்திருக்கும் நாம் மொத்தமாக மாற்றக் கிளம்புவானேன்?

ஸ்க்ராட்ச் இன்னொரு விதமான உதாரணம், எனக்கு ஃபெட்டை விட இது பிடிக்கும். எம்ஐடி-யின் அந்தக் குழந்தைகள் நிரல்மொழி, முதலில் தளத்தில் செயல்திட்டங்களை ஜாவா ஆப்லெட் வழியாகக் காட்டியது. 2013 மே மாதம் 2.0 வந்தபோது முழுக்க ஃப்ளாஷுக்குப் போனது. 2019 ஜனவரி 2 அன்று 3.0, எச்டிஎம்எல்5. இரண்டு தடவை அஸ்திவாரத்தையே மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் பழைய செயல்திட்டக் கோப்புகளை 3.0 இன்னும் திறக்கிறது. காரணம், ஒரு குழந்தை செய்த திட்டம் தனிக் கோப்பாக இருந்தது, அதை ஓட்டும் இயந்திரம் வேறாக இருந்தது. இயந்திரத்தைத் தூக்கிப் போட்டாலும் திட்டம் தப்பித்துவிடும். நம் ஃப்ளாஷ் பாடங்களில் இந்தப் பிரிவு அறவே கிடையாது. கேள்வியும் படமும் குரலும் ஓட்டும் விதமும் ஒரே கோப்பில் ஒட்டிக்கிடக்கின்றன. இன்று புதிதாக எழுதும்போதும் அதையே செய்தால், ஃப்ளாஷ் போய் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது தவிர எதுவும் மாறியிருக்காது.

எஃப்எல்ஏ இல்லாமல் எப்படி எழுதுவது என்றால், எஃப்எஃப்டெக் என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. எஸ்டபிள்யூஎஃப்-ஐத் திறந்து படங்களை எஸ்விஜியாகவும் (கோடுகளாகச் சேமிக்கும் பட வடிவம்), ஒலியைத் தனியாகவும், ஆக்‌ஷன்ஸ்கிரிப்டைப் படிக்கும் வடிவிலும் எடுத்துத் தரும். உரிமை உங்களிடம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒலியை முதலில் எடுங்கள். படத்தை மறுபடி வரைந்துவிடலாம், அன்று பாடம் சொன்ன ஆசிரியரின் குரலை இன்று பதிவு செய்ய முடியாமல் போகலாம்.

எழுத்து வேறு கதை. 2000களின் தமிழ் ஃப்ளாஷ் பாடங்களில் எழுத்து பாமினி மாதிரி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்த எழுத்துருக்களில் இருக்கும், அல்லது எழுத்துரு பிரச்சினைக்குப் பயந்து எழுத்தை உடைத்து வெறும் கோட்டுப்படமாக ஆக்கியிருப்பார்கள். முதல் வகை என்றால் எஃப்எஃப்டெக்கில் எடுக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோட் மாற்றியில் போட்டுவிட்டு ஒரு தடவை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது வகை என்றால் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், ரஃபிளில் ஓட்டும்போது அந்த உடைத்த எழுத்துதான் சிக்கலில்லாமல் அழகாகத் தெரியும். கணினியில் இருக்கும் பாமினியை நம்பி விட்ட எழுத்து, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் குப்பையாகத்தான் தெரியும்.

கேன்வாஸா (பிரௌசர் புள்ளி புள்ளியாக வரையும் பலகை) எஸ்விஜியா என்று கேட்பார்கள். உடல் உறுப்புகளுக்குப் பெயர் சொல், இழுத்துப் பொருத்து வகைக்கு எஸ்விஜி எடுங்கள். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம், திரைவாசிப்பானுக்கும் கேட்கும், எந்தத் திரையிலும் மங்காது. நூற்றுக்கணக்கான துகள்கள் ஓடும் இயற்பியல் சோதனை என்றால் கேன்வாஸ். கேன்வாஸிலும் தமிழ் ஒழுங்காகத்தான் வரும், கொம்பும் காலும் இடம் மாறாது, ஆனால் வரைந்த பிறகு அது எழுத்தல்ல, படம்.

இப்போது திறந்த தரநிலை மேல் இருக்கும் அதீத நம்பிக்கையைக் கொஞ்சம் தணித்துவிடுகிறேன், ஏனென்றால் "எச்டிஎம்எல்5-இல் செய்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஓடும்" என்று விலைப்புள்ளியிலேயே எழுதுகிறார்கள். ஓடாது. 2018-இல் குரோம், பயனர் தொடாமல் பக்கம் தானாகச் சத்தம் போடக்கூடாது என்று விதியைக் கொண்டுவந்தபோது எச்டிஎம்எல்5 விளையாட்டுகள் பல ஊமையாகின. கூச்சல் கிளம்பி, அதில் ஒரு பகுதியைக் கொஞ்ச காலம் தள்ளிவைத்தார்கள். திறந்தது என்பதும் முழு உண்மை கிடையாது. படத் திருட்டைத் தடுக்கும் இஎம்இ 2017 செப்டம்பரில் டபிள்யூ3சி தரநிலையானது. அதை எதிர்த்து டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் டபிள்யூ3சி-யை விட்டே வெளியேறியது. நீங்கள் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கும்போது பிரௌசருக்குள் ஓடும் அந்தப் பூட்டு இன்றைக்கும் மூடிய நிரல்தான். பிளகின் என்ற பெயர் மட்டும்தான் அதற்கு இல்லை. அப்படியிருந்தும் நான் இந்தப் பக்கம்தான். விதி மாறும்போது பழையது உடைந்தாலும், உடைந்ததைத் திருத்த மூலம் கையில் இருக்கிறது, ஒரு நிறுவனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஆக, ஒரு நாற்பது பாடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எனக்குச் சொந்தமானது என்றால் நான் பிரிக்கும் விதம் இது. நாற்பதையும் முதலில் ரஃபிளில் ஏற்றுவேன், ஒரு மாலை நேர வேலை. வெறுமனே பார்க்க மட்டும் உள்ளவற்றை வீடியோ ஆக்கி, ரஃபிளிலிருந்து எடுத்துவிடுவேன். மிச்சத்தில் ஆசிரியர்கள் உண்மையிலேயே வகுப்பில் திறக்கிறவை எவை என்று ஒரு பருவம் பார்ப்பேன், சர்வர் பதிவே சொல்லிவிடும். யாரும் தொடாதவை ரஃபிளிலேயே இருக்கட்டும். அப்படி வடிகட்டி வரும் நாலைந்துக்கு மட்டும், அதிலும் ஃபெட்டில் ஏற்கெனவே அதே பாடம் தமிழில் இல்லாத பட்சத்தில், புதிதாக எழுதக் காசு செலவழிப்பேன்.

அந்தக் காசைக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள். கேள்விகளும் விளக்கங்களும் யூனிகோடில் தனி ஜேசன் (எளிய எழுத்துத் தரவு) கோப்பாக வர வேண்டும், நிரலுக்குள் புதைக்கக் கூடாது. படங்கள் எஸ்விஜியாகவும் ஒலி சுருக்கப்படாத மூலமாகவும் கைக்கு வர வேண்டும். பாடம் ஓடுவதற்கு வெளித்தளத்திலிருந்து எந்த ஸ்கிரிப்டையும் எழுத்துருவையும் இழுக்கக் கூடாது. இதைச் சோதிக்க, கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் வைஃபையை அணைத்துவிட்டு அவர் முன்னாலேயே திறந்து பாருங்கள்.